நாற்பத்து மூணு கூறு ஜிபி

பனைமறிச்சான் ஊரில் அறிவுக்குக் குறைவே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழித்ததில்லை. அதனால் அப்படியே இருக்கிறது. அந்த ஊர் அம்மன் கோயில் செயலாளர் சிதம்பரக்கனி, போன வருஷக் கொடைத் திருவிழாவுக்கு ஊர்க் குடும்பப் பட்டியலைக் கையால் எழுதினார். நாற்பத்து மூன்று வீட்டில் ஒரு வீடு விட்டுப்போச்சு. அது பால்வண்ணன் வீடு. போதாதா?

"இந்த வருஷம் கம்ப்யூட்டர்ல பட்டியல் அடிச்சு, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வீடு விடாம வந்து சேரணும். இல்லேன்னா செயலாளர் பதவி எனக்கு" என்று பால்வண்ணன் சபையில் சொல்லிவிட்டார்.

பதவி போனால் கனிக்குக் கிடாத்தலையும் போச்சு. கொடைக்குக் கிடா வெட்டினால் வீட்டுக்கு ஒரு கூறு, தலை செயலாளருக்கு. அது ஊர் வழக்கம். பாவம், அந்தத் தலைக்காகத்தான் மனுஷன் பதினோரு வருஷமாக அந்த நாற்காலியை விடாமல் பிடித்திருந்தார்.

கனி, பால்வண்ணன், பொருளாளர் முத்துப்பேச்சி மூவரும் கம்ப்யூட்டர் வாங்க டவுனுக்குப் போனார்கள்.

"உள்ளே எவ்வளவு இடம் வேணும் அண்ணாச்சி? இருநூத்தம்பத்தாறு ஜிபி, ஐநூத்திப் பன்னிரண்டு, ஆயிரம்னு இருக்கு. ஒரு பட்டியல்தானே, சின்னதே உங்க பேரன் காலம் வரைக்கும் தாங்கும்" என்றார் கடைக்காரர்.

"கோயில் சொத்து வே! நாப்பத்து மூணு கூறு சமமா விழணும்" என்றார் பால்வண்ணன்.

முத்துப்பேச்சி விரல்விட்டு எண்ணினாள். "சின்னதுல ஆளுக்கு அஞ்சுதான் வருது. புள்ளகுட்டிக்காரங்களுக்கு எப்படிப் பத்தும்? ஆயிரமே எடுப்போம்."

"ஆனா கம்ப்யூட்டரை ஓட்டுற ப்ரோகிராம் முதல்லயே நாப்பது ஜிபி எடுத்துக்கிடும்" என்றார் கடைக்காரர்.

மூவரும் திடுக்கிட்டார்கள். "நாப்பதா? அவன் நம்ம ஊர்ல பொண்ணு எடுத்தவனா, கொடுத்தவனா?"

"அது இல்லாட்டா பெட்டி ஓடாதுங்க."

வெகுநேரம் ஆலோசித்து, பூசாரி பங்கு என்று மனசைத் தேற்றிக்கொண்டார்கள். வீட்டுக்கு இருபத்திரண்டு போக மிச்சம் பதினாலு. "அது தலை!" என்று கனி முந்திக்கொண்டார்.

பெட்டி கோயில் அறைக்கு வந்ததுமே ஊருக்குத் தூக்கம் போச்சு. கூறு காலியாகக் கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரன் வரப்பை நகர்த்திவிட மாட்டானா? ஆளாளுக்குச் செல்போனை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பால்வண்ணன் தன் எருமை அசைபோடுவதை மூன்று நாள் விடாமல் வீடியோ எடுத்து நிரப்பினார். கனி மட்டும் இளைத்தவரா? பதினோரு வருஷக் கிடாத்தலைப் படங்களையும் வீடியோக்களையும் போட்டுத் தன் பங்கை விளிம்புவரை அடைத்தார்.

வெள்ளிக்கிழமை பட்டியலை அடித்து முடித்தார். இடமில்லை என்றது பெட்டி.

"எய்யா, ஒரு பக்கம்தான். யாராவது கொஞ்சம் விட்டுக்கொடுங்க" என்று கெஞ்சினார்.

"எருமை வாலைக்கூட வெட்ட விடமாட்டேன்" என்றார் பால்வண்ணன்.

கனி அலறியடித்துக்கொண்டு கடைக்கு ஓடினார். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். பட்டியலை அதில் ஏற்றி, சபை நடுவே தூக்கிக் காட்டினார் கனி. "இந்தா, நாப்பத்து மூணு வீடும் இதுக்குள்ள இருக்கு!"

பால்வண்ணன் எழுந்தார். "அதுவும் கோயில் சொத்துதானே. என் கூறு எங்க?"

கனிக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது, அதுவும் முதல் தடவையாக. "அரிவாளை எடுங்கல!" என்றார்.

நாற்பத்து மூன்று வாழையிலைத் துண்டு விரித்தார்கள். பென்டிரைவை நறுக்கி, கூறு வைத்து, ஒரு வீடு விடாமல் கொடுத்தார்கள். பால்வண்ணன் தன் கூறைப் பக்கத்துக் கூறோடு ஒப்பிட்டுப் பார்த்து, "பட்டியல் வந்து சேர்ந்துட்டு, குறை சொல்ல முடியாது" என்று மடித்து எடுத்துக்கொண்டு போனார். பதவி தப்பியது.

பென்டிரைவின் மூடி, வழக்கப்படி, கனிக்கு. வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தலைக்கறி. மிளகு கொஞ்சம் தூக்கலாப் போடு."