பாறையை விட்டு இறங்காத முயல்

ஒரு காட்டில் உப்புப் பள்ளம் ஒன்று இருந்தது. அங்கே மண்ணிலேயே உப்பு ஊறியிருக்கும். அந்த மண்ணை நக்குவதற்காக மான், முள்ளம்பன்றி, காட்டெருமை, காட்டுப்பன்றி எல்லாம் தினமும் வரும். ஆனால் பள்ளத்துக்குள் போக ஒரே ஒரு குறுகிய வழிதான். ஒரு சமயத்தில் ஒருவர்தான் நுழையலாம்.

அப்புறம் என்ன, தினமும் அடிதடிதான். காட்டெருமை மானை முட்டும். பன்றி எல்லோரையும் முட்டும். முள்ளம்பன்றியை யாரும் முட்டமாட்டார்கள். ஆனால் அதற்குப் பின்னால் நிற்கவும் யாருக்கும் தைரியம் வராது.

இதைப் பார்த்து யானைக் கூட்டத்தின் தலைவிக்குக் கோபம் வந்தது. அவளைக் காட்டில் எல்லோரும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இனிமே இங்கே வரிசைதான்!" என்றாள் பெரியம்மா. "வர்றவங்க ஆளுக்கு ஒரு இலை கொண்டு வரணும். யார் இலை முந்தி வருதோ அவங்க முந்திப் போகணும். டேய் சிட்டான், இதை நீ பாத்துக்க!"

சிட்டான் ஒரு முயல். சிட்டாகப் பறப்பவன் என்பதால் அந்தப் பெயர். காது கூர்மை, கண் அதைவிடக் கூர்மை.

"வரிசை மேல எப்பவும் ஒரு கண்ணு இருக்கணும். மழை வந்து பள்ளம் நிரம்புற வரைக்கும் நாங்க இங்கேதான் மேய்வோம். உன் மேல எவனும் கை வைக்க மாட்டான். மழை வந்ததும் நாங்க மலைக்கு அந்தப் பக்கம் போயிடுவோம். உன் வேலையும் முடிஞ்சிடும்."

"சரிங்க பெரியம்மா!" என்று துள்ளினான் சிட்டான். பள்ளத்தின் வாயில் ஒரு தட்டைப் பாறை கிடந்தது. அதன்மேல் ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்ததுமே காது இரண்டும் தானாக நிமிர்ந்துகொண்டன. பதவி அப்படித்தான்.

மறுநாளே ஒரு நரி வந்து கும்பிட்டு நின்றது. அதன் பெயர் இங்கிதன். பெயரில் மட்டும் இங்கிதம் நிறைய இருந்தது.

இந்த இங்கிதன் சிட்டானைத் துரத்தாத இடம் அந்தக் காட்டில் கிடையாது. ஒவ்வொரு தடவையும் புழுதியைத் தின்றுவிட்டுத்தான் திரும்பும். 'ஓட விட்டுப் பிடிக்க முடியலை. உட்கார வெச்சுப் பிடிச்சா என்ன?' என்று அது யோசித்தது. யானைகள் போகும் நாள் வரை பொறுத்திருந்தால் போதும். அதற்குள் முயலின் கால் ஓட்டத்தை மறந்துவிட வேண்டும்.

"அதிகாரி ஐயா, இலை வாங்க நீங்களா இறங்கிப் போறது? நான் எதுக்கு இருக்கேன்?" என்றது நரி.

இலைகளை நரியே வாங்கி வந்து கொடுத்தது. பசித்தால் அருகம்புல் வந்தது. தாகம் எடுத்தால் தேக்கிலைக் கிண்ணத்தில் தண்ணீர் வந்தது. முதுகு அரித்தால்கூடச் சொறிந்துவிட ஆள் தயாராக இருந்தது.

ஒருநாள் சிட்டான் காலை நீட்டி, பாறையிலிருந்து இறங்கப் போனான்.

"ஐயோ, இறங்காதீங்க!" என்று நரி பதறியது. "பெரியம்மா என்ன சொன்னாங்க? வரிசை மேல கண்ணு இருக்கணும்னாங்க. அப்படின்னா பாறை காலியா இருக்கக் கூடாதுன்னுதானே அர்த்தம்? இறங்கினா வேலை போயிடும்!"

வேலை போய்விடும் என்று காதில் விழுந்தால் முயலுக்கு மட்டுமா, யாருக்குமே மூளை கொஞ்சம் நின்றுபோகும். சிட்டான் நீட்டின காலை மடக்கிக்கொண்டான். அன்றிலிருந்து சூரியன் உதித்தால் ஏறுவான், சாய்ந்தால் இறங்குவான். நடுவில் அசைவது அவன் தாடை மட்டும்தான்.

நாட்கள் போயின. சிட்டானின் வயிறு பூசணிக்காய் போல உருண்டது.

அவனுடைய வளை ஓடைக்கரையில் ஒரு காரைப்புதரின் அடியில் இருந்தது. அங்கே போகும் வழியில் விழுந்த மரக்கட்டை ஒன்று குறுக்கே கிடக்கும். முன்பெல்லாம் அதைத் தாண்டினோமா இல்லையா என்றுகூட அவனுக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் கட்டைக்கு முன்னால் நின்றான். எம்பிப் பார்த்தான். முடியவில்லை. சுற்றிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கப் போனான்.

அதே புதரில் குடியிருந்த கௌதாரி இதைப் பார்த்துவிட்டாள். "என்னப்பா சிட்டான், கட்டையைச் சுத்திக்கிட்டு வர்றே? வழி மறந்துபோச்சா?"

"வேலைதான் அக்கா. ஒரே அலுப்பு."

"நாள் பூரா உட்கார்ந்தே இருந்ததுக்கு அலுப்பா?"

"உட்கார்ந்து பாரு, அப்பத் தெரியும்!" என்றான் சிட்டான் எரிச்சலோடு.

கௌதாரி கிட்டே வந்தாள். "கோவிச்சுக்காதே. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நரி உப்பு நக்காது. வரிசையிலயும் நிக்காது. பின்னே அங்கே தினமும் எதுக்கு வருது? மழை வந்ததும் யானைங்க போயிடும். அப்புறம் அங்கே யார் இருப்பா? நீயும் அதுவும்தான்."

சிட்டானின் காது இரண்டும் மடங்கித் தொங்கின. தண்ணீரும் புல்லும் கொண்டு வந்த அந்த வாயை அவன் நினைத்துப் பார்த்தான். அதில் எத்தனை பல்!

மறுநாள் விடியும்போதே எழுந்தான். 'இனி ஓட்டம்தான்!' என்று குன்றைப் பார்த்து ஓடினான். பாதிக் குன்றில் நாக்கு தள்ளியது. உச்சிக்குப் போகவே இல்லை, உருண்டுதான் வந்தான். அதற்கு அடுத்த நாள் காலைத் தூக்கக்கூட முடியவில்லை. அன்று முழுக்க முனகிக்கொண்டே பாறையில் கிடந்தான்.

"ஓட்டமெல்லாம் வேலைவெட்டி இல்லாதவனுக்குத்தான். நமக்கு ஒத்துவராது!" என்றான் சாயங்காலம்.

கௌதாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உன்னை யாருப்பா குன்று ஏறச் சொன்னா? என்னைப் பாரு. நான் என்னைக்காவது ஓடுறேன்னு கிளம்பியிருக்கேனா? இரை தேடுறப்போ நடக்குறேன். குஞ்சுங்களைக் கூப்பிட நடக்குறேன். நாள் முழுக்க காலு வேலையோட வேலையா ஓடுது. நீயும் வேலைக்குள்ளேயே நட."

"பாறையை விட்டு இறங்கினா வேலை போயிடுமேக்கா!"

"யாரு சொன்னா? பெரியம்மாவா?"

சிட்டான் மெதுவாக, "நரி சொல்லிச்சு" என்றான்.

"போய்க் கேட்டுட்டு வா, போ!"

யானையிடம் போய் நிற்க அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டான். பெரியம்மா சிரித்த சிரிப்பில் மூங்கில் இலைகள் உதிர்ந்தன.

"நான் வரிசை மேல கண்ணு வைக்கச் சொன்னேன். பாறை மேல உடம்பை வைக்கச் சொன்னேனா? நடந்துக்கிட்டே பாத்தா உன் கண்ணுக்குத் தெரியாதா? வரிசை கலையக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் வேணும்!"

சிட்டானுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. திரும்பி வரும் வழியில் அந்தக் கோபம் ஒரு யோசனையாக மாறியது.

காலையில் நரி வழக்கம்போல வந்து கும்பிட்டது. "இங்கிதா, உன்னை நினைச்சா எனக்குப் பாவமா இருக்கு" என்றான் சிட்டான். "நீ எவ்வளவு ஓடிட்டே! இனிமே ஓட்டம் என்னோடது. பாறை காலியா இருக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே? நீயே ஏறி உட்காரு!"

நரி திகைத்தது. ஆனால் அதற்கும் அந்தப் பாறைமேல் ஒரு கண் இருக்கத்தான் செய்தது. ஏறி உட்கார்ந்தது. வரிசையில் நின்ற மான் ஒன்று பழக்கதோஷத்தில், "வணக்கம் அதிகாரி ஐயா!" என்றது. நரிக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்துவிட்டது.

அதன்பிறகு சிட்டானைப் பார்க்க வேண்டுமே! வரிசையின் கடைசி வரை போய் இலை வாங்குவான். இலையை வைக்கப் பாறைமேல் தாவுவான், மறுபடி குதிப்பான். முறை வந்தவரை இருந்த இடத்திலிருந்து கத்திக் கூப்பிடுவதை விட்டுவிட்டான். கிட்டே போய்க் கூப்பிடுவான். பன்றி வந்து தன் வழக்கமான புகாரைச் சொல்லும்போது பின்னங்காலில் நின்றுகொண்டே கேட்பான். பன்றியின் புகார் சுலபத்தில் முடியாது. காலுக்கு நல்ல வேலை. தாகம் எடுத்தால் ஓடைக்கே போய்க் குடித்துவிட்டு வருவான். போகிற வழியில் கட்டை கிடக்கும். முதலில் சுற்றினான். பிறகு அதன்மேல் ஏறி இறங்கினான். ஒருநாள் தாண்டியே விட்டான்!

வரிசையும் கலையவில்லை. கிட்டே போய்ப் பேசுவதால் சண்டைகூடக் குறைந்திருந்தது.

நரி இதையெல்லாம் பாறையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தது. காக்கை ஒன்று நண்டும் எலியும் கொண்டு வந்து அதற்குப் போட்டது. அதிகாரிக்குப் பக்கத்தில் இருந்தால் மிச்சம் மீதி கிடைக்கும் என்பது காக்கையின் கணக்கு.

"நரியாரே, முயல் தேறிட்டு வர்றான் போலிருக்கே?" என்றது காக்கை.

"போடா! அங்கே நாலடி, இங்கே நாலடி. இதெல்லாம் ஒரு ஓட்டமா?" என்று நரி கொட்டாவி விட்டது. "குன்றுல அவன் உருண்டதை நான் பாத்தேனே! மழை வரட்டும், ஒரே தாவல்தான். அந்த நண்டை இப்படிக் கிட்டே தள்ளு. எனக்குக் குனிய முடியலை."

ஒருநாள் மத்தியானம் வானம் கறுத்தது. மழை கொட்டியது. பள்ளம் நிரம்பியது. வரிசையில் நின்றவர்கள் தத்தம் வழியே போனார்கள். பெரியம்மா தும்பிக்கையைத் தூக்கி, "நல்லாப் பாத்துக்கிட்டே சிட்டான்! வர்றேன்!" என்று சொல்லிவிட்டு நடந்தாள். கடைசி யானையும் மலை வளைவில் மறைந்தது.

ஈரப் பள்ளத்தின் ஓரம் இரண்டே பேர் மிஞ்சினார்கள்.

"அதிகாரி ஐயா!" என்றது நரி. இத்தனை நாள் காட்டாத பல் எல்லாம் இப்போது தெரிந்தது. "நான் தண்ணி கொண்டு வந்தேன், புல்லு கொண்டு வந்தேன். கொழுக்க வெச்சவனுக்குச் சாப்பாடு போட வேண்டாமா?"

சிட்டானின் கால் அதற்குள் கிளம்பிவிட்டது.

நரி பாய்ந்தது. பாய்ந்தது என்று அது நினைத்துக்கொண்டது. பாறையிலிருந்து பொத்தென்று விழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. எழுந்து ஓடியது. சிட்டான் வரிசை நிற்கும் இடத்தைக் கடந்து, ஓடை வழியில் திரும்பினான். தினமும் தாகத்துக்குப் போன வழிதான். கல் எங்கே, குழி எங்கே என்று அவன் காலுக்குத் தெரியும். கட்டை வந்தது. ஒரே தாவல்! காரைப்புதர். வளை. உள்ளே!

வளைக்குள் உட்கார்ந்து அவன் மூச்சை இழுத்துப் பார்த்தான். மூச்சு வாங்கவே இல்லை. அவனுக்கே நம்ப முடியவில்லை, சந்தோஷத்தில் தனியாகச் சிரித்தான்.

வெளியே நரி கட்டைக்கு முன்னால் வந்து நின்றது. எம்பிப் பார்த்தது. வயிறு எழும்பவில்லை. கடைசியில் இளைக்க இளைக்கக் கட்டையைச் சுற்றிக்கொண்டு வந்தது.

புதரின் மேலிருந்து கௌதாரி எட்டிப் பார்த்தாள். "என்ன இங்கிதரே, கட்டையைச் சுத்திக்கிட்டு வர்றீங்க? வழி மறந்துபோச்சா?"

நரியால் பதில் சொல்ல முடியவில்லை. பேசுவதற்கும் மூச்சு வேண்டுமே!

உட்கார்ந்து செய்யும் வேலையின் நடுவிலும் அவ்வப்போது எழுந்து நடமாடுகிறவனுக்குத்தான், ஆபத்து வரும் நாளில் சொந்தக் கால் உதவும்.