காத்தாயி வீட்டு வெள்ளைச் சுவர்

முன்னொரு காலத்தில் மருதவளம் என்னும் நாட்டை விசயகேது என்றொரு அரசன் ஆண்டு வந்தான். கெட்டவன் இல்லை. காலையில் ஒரு சட்டம் போட்டுவிட்டு மாலையில் மறந்துவிடுவான், அவ்வளவுதான். மறக்காமல் வைத்திருந்தவர் மராமத்து அதிகாரி திருவேங்கடத்தார். ஓடு மாற்றினாலும் வெள்ளையடித்தாலும் மராமத்துச் சாவடி ஆட்களைத்தான் கூலிக்கு அழைக்க வேண்டும், தன் கையால் செய்துகொண்டால் வீடு பறிமுதல் என்று ஒரு சட்டத்தை அரசனிடம் வாங்கி வைத்திருந்தார். அந்தக் கூலியில் பாதி அவர் மடிக்குப் போயிற்று.

ஊர்க் கடைசியில் காத்தாயி என்றொரு பெண். புருஷன் போனபின் அவளுக்கு மிஞ்சியது இரண்டு பெண்பிள்ளைகளும் ஓர் ஓட்டு வீடும். ஆளைக் கூப்பிட அவளிடம் காசு ஏது? தானே ஏணி வைத்து ஏறி ஓடு மாற்றினாள். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, மூன்று நாள் ஊறவிட்டு, உதிராமலிருக்க வடிகஞ்சியும் கல்லுப்பும் கலந்து, தாழை விழுதை நசுக்கிச் செய்த மட்டையால் சுவருக்கு வெள்ளையடித்தாள். இப்படி மிச்சம் பிடித்துத்தான் ஒரு கறவை மாடு வாங்கினாள்.

திருவிழா ஊர்வலத்தில் அவள் வீட்டருகே அரசனின் தேர் நின்றது. வெயில் தாங்காமல் அரசன் இறங்கி அவள் சுவரில் சாய்ந்தான். நிமிர்ந்தபோது பட்டில் ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லை.

"இதென்ன அதிசயம்! அரண்மனைத் தூணில் சாய்ந்தால் முதுகெல்லாம் மாவாகிவிடுகிறதாமே. நேற்று ராணி சொல்லித்தான் தெரிந்தது. நீங்கள் ஒருவரும் சொல்லவில்லையே?"

"தங்கள் புகழின் வெண்மை என்றிருந்தோம் அரசே" என்றார்கள் சபையோர்.

"இந்தச் சுவருக்கு வெள்ளையடித்தது யார்?"

"நான்தான் மகாராசா" என்றாள் காத்தாயி.

திருவேங்கடத்தாருக்கு முகம் சுண்டிவிட்டது. அரண்மனைக்கு வெள்ளையடித்தது அவர் ஆட்கள். "அரசே, இவள் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாள். கூலிக்காரன் வயிற்றில் அடித்தவள் இவள். சட்டப்படி இந்த வீடு இனி அரண்மனையுடையது."

பிள்ளைகள் இரண்டும் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டன. அரசனுக்குச் சங்கடம். ஆனாலும் தான் போட்ட சட்டம். "நாளை சபைக்கு வந்து உன் பக்கத்தைச் சொல். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு."

"வர்றேன் மகாராசா. எனக்கு ஒரு ஆசை. நாளைக்குப் பொழுது விடிஞ்சதுலேருந்து நான் சபைக்கு வந்து சேர்ற வரைக்கும் எல்லாரும் இந்த அதிகாரி அய்யாவோட சட்டத்துல இருக்கணும். கூலிக்கு ஆள் இருக்கிற எந்த வேலையையும் யாரும் தன் கையால, காலால செய்யக்கூடாது."

அரசனுக்குப் புது விளையாட்டு என்றால் பிடிக்கும். "அப்படியே ஆகட்டும். மீறுகிறவன் எவனானாலும் அவன் வீடு பறிமுதல்."

மறுநாள் சபை கூடவே நேரமாகிவிட்டது. நடக்கக்கூடாதே, பல்லக்குத் தூக்க ஆள் இருக்கிறதே. வந்தவர்களுக்குத் தலைப்பாகை கட்டியது வண்ணான், செருப்பைக் கழற்றியது காவலாளி. திருவேங்கடத்தார் மூக்கில் ஈ உட்கார்ந்தது. சாமரக்காரன் எட்டத்தில் இருந்தான். அவன் வந்து சேர்வதற்குள் ஈ இரண்டு முறை இடம் மாறி உட்கார்ந்தது. வெற்றிலை மடிக்கிறவனுக்குக் காய்ச்சல். அரசன் வெறும் வாயை மென்றுகொண்டிருந்தான்.

உச்சிவேளையில் இலை போட்டார்கள். சமையற்காரன் ஒருவன், இலை நாற்பது. அவன் ஊட்டிக்கொண்டே வர வேண்டும். திருவேங்கடத்தார் வாயில் கொதிக்கிற ரசச் சோற்றைத் திணித்துவிட்டு அடுத்த இலைக்கு ஓடினான். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவர் கண்ணில் நீர் வந்தது. அரசனுக்குக் கிடைத்தது இரண்டே கவளம்.

"அந்தப் பெண் எங்கே? அவள் வந்தால்தானே இது முடியும்?"

சேவகன் ஓடிப் போய்த் திரும்பினான். "வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் அரசே. நடப்பதும் வேலைதானாம். பல்லக்கு வந்தால் வருகிறாளாம்."

"அனுப்புங்கள் பல்லக்கை."

"ஒன்றுகூட இல்லை அரசே. வீடு திரும்பப் பிரபுக்கள் எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்."

அரசன் சற்று நேரம் கூரையைப் பார்த்தான். பிறகு எழுந்து நடந்தான். அவனுக்கே அது புதிதாக இருந்தது. காலடியில் மண் சுட்டது. காத்தாயி வீட்டை அடைந்தபோது அவன் முகம் பசியில் வாடியிருந்தது.

"பக்கத்து வீட்டுக்காரி கொஞ்சம் பாலைக் கூலியா வாங்கிக்கிட்டுக் கூழ் காய்ச்சிக் கொடுத்தா மகாராசா. ஊட்டிவிடக் கூலிக்கு ஆளைக் கூப்பிடட்டுமா?" என்றாள் காத்தாயி.

அரசன் கலயத்தைத் தன் கையால் வாங்கி, விரலால் வழித்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

அதற்குள் திருவேங்கடத்தாரின் பல்லக்கு வந்து நின்றது. கைகொடுத்து இறக்கிவிடுகிறவன் பின்தங்கிவிட்டதால் அவர் உள்ளிருந்தே தலையை நீட்டினார். "அரசே, இவளுடைய வீட்டை..."

"அய்யா, ஒரு சந்தேகம்" என்றாள் காத்தாயி. "நான் இன்னும் சபைக்கு வரலை. சட்டம் நடப்புலதான் இருக்கு. அதுக்குள்ள தன் காலால நடந்து, தன் கையால சாப்பிட்டவங்க வீடு யாருக்கு?"

திருவேங்கடத்தார் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அரசன் கையிலிருந்த கூழைப் பார்த்தான். "அரண்மனை போயிற்று" என்றான் மெதுவாக.

"எனக்கு வேண்டாம் மகாராசா. அத்தனை சுவத்துக்கு வெள்ளையடிக்க எனக்கு ஒரு ஆயுசு போதாது. இந்த நாலு சுவர் போதும். காசு இருந்தா நானும் ஆளைக் கூப்பிடுவேன், அவங்களும் புள்ளகுட்டிக்காரங்கதானே. இல்லாதவளுக்கு இருக்கிறது இந்தக் கை ரெண்டுதான். இதையும் கட்டிப்போட்டா நான் எங்க போவேன்?"

அரசன் கலயத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சட்டத்தை அங்கேயே நீக்கினான். சாவடி ஆட்களுக்கு முழுக் கூலியும் அவர்கள் கையிலேயே சேர வேண்டும் என்றான். அரண்மனை மண்டபத்துக்கு வெள்ளையடிக்கும் வேலையைக் காத்தாயிக்குக் கொடுத்தான், நல்ல கூலிக்கு. சுண்ணாம்பு கரைத்துக் கொடுக்கும் சிற்றாளாகத் திருவேங்கடத்தாரை நியமித்தான்.

முதல் நாள் சபையே வேடிக்கை பார்க்க வந்தது. பட்டாடையைக் களைந்து, துண்டு வேட்டி கட்டிக்கொண்டு, தலை குனிந்தபடி அவர் தொட்டியருகே வந்தார். சிரிக்க வாயெடுத்தவர்களைக் காத்தாயி திரும்பிப் பார்த்தாள், சிரிப்பு அடங்கியது.

"கையை நீட்டுங்கய்யா" என்றாள். தேங்காயெண்ணெயைச் சாய்த்து அவர் உள்ளங்கையில் ஊற்றினாள். "நல்லாத் தேச்சுக்குங்க. முதல் தடவை சுண்ணாம்பு கையை அரிச்சுடும்."