மலையாண்டி தூங்கக் கேட்ட நூற்றிருபது எண்ணிக்கை

அந்தக் காலத்தில் காகமும் நரியும் மட்டுமல்ல, கம்பியில் கோத்துக் கிடந்த ரவுட்டர் பெட்டிகளும் வாய் திறந்து பேசின. வருகிற சேதியை எந்தப் பக்கம் தள்ளுவது என்று பார்ப்பதுதான் அவற்றின் பிழைப்பு. வழிகளை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு தலை, சேதியை வாங்கித் தள்ள நூறு கைகள். தூக்கம் மட்டும் கிடையாது.

ஏனென்றால் அந்தப் பெட்டிகளிடம் ஒரு பொல்லாத வழக்கம் இருந்தது. பக்கத்துப் பெட்டியை மூன்று முறை கூப்பிட்டும் பதில் வரவில்லையென்றால், அது செத்துப்போனதென்று சாவு மேளம் அடித்து, அதன் வழியாகப் போகும் பாதைகளை எல்லாம் அழித்துவிட வேண்டும். உடனே மற்ற பெட்டிகள் ஆளுக்கொரு வழி சொல்லிக் கத்தும். புது வழி பிடிபடும்வரை சேதிகள் சிதறிப்போகும். கண்ணயர்ந்தவனுக்குக் கருமாதியே நடத்திவிடுகிற கூட்டம்!

அடிவாரத்தில் காத்தாயி என்றொரு பெட்டி. அவளுக்கு மேலே நடுமலையில் மலையாண்டி, உச்சியில் செங்கோடன். ஒருநாள் முற்பகலில் மலையாண்டி அவளைக் கூப்பிட்டான்.

"காத்தாயக்கா, தலை சுத்துது. நேத்து வந்த வழியும் போன வருசத்து வழியும் ஒண்ணா குழம்புது. ஒரு தடவை படுத்து எந்திரிச்சாத்தான் தெளியும்."

"இப்பவாடா? உச்சியில ஒரு பொண்ணு பிரசவ வலியில துடிக்கிறா. டவுன்லேர்ந்து டாக்டரம்மா சொல்லச் சொல்ல நர்ஸ் பாத்துக்கிட்டிருக்கு. அந்தப் பேச்செல்லாம் உன் கை வழியாத்தானே போகுது!"

"அதுக்குத்தான் சொல்றேன். இன்னும் கொஞ்ச நேரம் போனா கையும் சேந்து குழம்பிரும். தலை தூங்கினாலும் கை பழகின வழியில தள்ளிக்கிட்டேயிருக்கும்கா. நூத்திருபது எண்ணுங்க. அதுக்குள்ள எந்திரிக்கலேன்னா மேளத்தை அடிங்க."

சொல்லி வாய் மூடவில்லை, அவன் தலை சாய்ந்துவிட்டது.

காத்தாயி எண்ணத் தொடங்கினாள். வழக்கத்தை விட முடியாமல் நடுவே கூப்பிட்டும் பார்த்தாள். ஒருமுறை, இரண்டு முறை, மூன்று முறை. பதில் இல்லை. மேளக்குச்சியைக் கையில் எடுத்தாள். அடித்தால் டாக்டரம்மாவின் பேச்சு பாதியில் அறுந்துவிடும். அடிக்காமலிருந்து, அவன் நிஜமாகவே போயிருந்தால்? அவள் தள்ளும் ஒவ்வொரு சொல்லும் பாழுங்கிணற்றில் விழும். அந்தப் பொண்ணு என்ன ஆவாள்?

அப்போது மேலேயிருந்து செங்கோடன் அலறினான். "அக்கா, ஆண்டி போயிட்டான்! மூணு தடவை கூப்பிட்டுட்டேன்! மேளத்தை அடிங்க!"

காத்தாயி குச்சியைத் தாழ்த்தினாள்.

"செங்கோடா, நீ கத்துறது எனக்குக் கேக்குதே. அது யார் கை வழியா வந்துச்சு?"

இருவரும் நடுமலையைப் பார்த்தார்கள். தலை சாய்ந்து கிடக்கிறது; நூறு கைகளும் ஓடுகின்றன! டாக்டரம்மாவின் குரல் ஏறுகிறது, நர்ஸின் பதில் இறங்குகிறது, ஒரு சொல்கூடத் தவறவில்லை. காத்தாயிக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை காலத்தில், உயிரோடிருந்த எத்தனை பேருக்கு மேளம் அடித்துவிட்டோம் என்று அவளுக்கு அழுகையும் வந்தது.

தொண்ணூற்றாறு எண்ணும்போது மலையாண்டி கண் விழித்தான். தலையில் ஒரு வழிகூட இல்லை.

"அக்கா, எந்த வழி எங்க போகுது?"

ஓடுகிற கைகளை அவன் தடுக்கவில்லை. காத்தாயி தனக்குத் தெரிந்த வழிகளை ஒன்றுவிடாமல் சொல்லி, "எங்கிட்ட அவ்வளவுதான்" என்றாள். செங்கோடனும் சொல்லி முடித்து, "எங்கிட்டயும் அவ்வளவுதான்" என்றான். அதன்பிறகே மலையாண்டி தன் கைகளுக்குப் புது வழியைச் சொல்லிக்கொடுத்தான். யாரும் சொல்லாத பழைய வழிகளைத் துடைத்துப்போட்டான். தலை தெளிந்துவிட்டது. அந்தத் தெளிந்த தலையோடு அவன் முதலில் வாங்கிக் கீழே தள்ளியது, உச்சியிலிருந்து வந்த ஒரு குழந்தையின் அழுகை.

அன்று முதல்தான் ரவுட்டர்கள் பக்கத்துப் பெட்டியிடம் சொல்லிவிட்டுத் தூங்குகின்றன, பக்கத்துப் பெட்டிகளும் மேளத்தைத் தொடாமல் எண்ணிக்கொண்டு காத்திருக்கின்றன. நாம் பேசும் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே எங்கோ ஒரு மலையாண்டி தூங்கி எழுவது நமக்குத் தெரிவதேயில்லை.