முனீஸ்வரியின் கட்டைவிரல்

டாக்டர் செய்யது பதினெட்டு வருடம் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் இருந்தவர். தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகளுக்கு மருத்துவ அறிக்கை எழுதப் பழகுவதற்காக, தன்னைவிட வயதில் இளையவரான டாக்டர் ஃபிலோமினாவிடம் வந்து சேர்ந்தார்.

அன்று பதினொரு மணிக்கு விசாரணை. அச்சகத்தின் கட்டிங் மெஷின் அங்கே வேலை பார்த்த முனீஸ்வரியின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்திருந்தது. அவளை மேஜைக்கு எதிரே உட்காரவைத்து விசாரித்துவிட்டு, ஊனம் ஐம்பது சதவீதம் என்று எழுதி ஃபிலோமினாவிடம் நீட்டினார் செய்யது.

ஃபிலோமினா படித்தார். கையெழுத்துப் போடவில்லை.

"நான்தான் கம்பெனி வக்கீல்னு வச்சுக்கோங்க. ரெண்டு விரலுக்குச் சட்டத்தோட அட்டவணையில இருபது சதவீதம். மிச்சம் முப்பது எங்கேருந்து வந்துச்சு, டாக்டர்?"

"புருஷன் இல்ல மேடம். ரெண்டு பொண்ணுங்க."

"அது கையில எங்க இருக்கு?"

செய்யது அறிக்கையைத் திரும்ப இழுத்துக்கொண்டார். "அப்ப இருபதுன்னே எழுதிரட்டுமா? அதான் நியாயமா?"

மணி ஒன்பதே கால். ஃபிலோமினா எழுந்து போய், வராந்தாவில் காத்திருந்த முனீஸ்வரியைக் கூட்டி வந்தார்.

"காலையில என்ன சமையல்?"

"சின்னவதான் மேடம் ஏதோ செஞ்சா. நான் அடுப்புப் பக்கம் போறதில்ல."

"ஏம்மா?"

அவள் வலது கட்டைவிரலைத் திருப்பிக் காட்டினாள். நுனி கறுத்துப்போயிருந்தது.

"தோசைக்கல்லுல பட்டிருக்கு. எனக்குத் தெரியவே இல்ல. கருகுற வாடை வந்தப்புறந்தான் பார்த்தேன்."

செய்யது அந்த விரலைத் தொட்டே பார்த்திருக்கவில்லை.

இப்போது அவளைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கை முழுக்க ஊசி முனையால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். ஒரு சாவியைப் பிடிக்கச் சொன்னார். நழுவி விழுந்தது. நரம்புப் பரிசோதனை அறைக்கு அவரே அழைத்துக்கொண்டு ஓடினார். கண்டது ஒவ்வொன்றையும் எழுதினார். பத்தரைக்கு முடிவு வந்தது. விரல் இழப்போடு நரம்புச் சேதத்தையும் சேர்த்தால் ஊனம் முப்பத்தாறு சதவீதம்.

ஃபிலோமினா கையெழுத்திட்டார்.

விசாரணையில் கம்பெனி வக்கீல் முக்கால் மணி நேரம் செய்யதுவைத் துருவினார். எது கேட்டாலும் அறிக்கையில் அதற்கு ஒரு வரி இருந்தது. கடைசியில் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். விசாரணை அதிகாரி முப்பத்தாறை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

வெளியே வந்த பிறகும் செய்யதுவுக்கு மனசு ஆறவில்லை.

"நான் இரக்கப்பட்டது தப்பா மேடம்?"

"தப்பில்ல டாக்டர். ஆனா இரக்கப்பட்டப்ப நீங்க அவங்க முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தீங்க. கை மேஜை மேலதான் இருந்துச்சு."