ஒலிப்பதிவு அறையில் ஒரு நாற்காலி

இருப்பது ஒரே நாற்காலி. அதைக் கேட்டு நிற்பவர்கள் மூன்று பேர். மூவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இந்தக் கதையின் சிக்கல்.

பாடகி மதுரவல்லிக்குத் திருச்சியில் ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. ஒரு வாட்ஸப் குழு, ஞாயிறு மாலைகளில் சத்திரம் பேருந்து நிலையம் அருகே ஒரு ஜூஸ் கடையில் சந்திப்பு. குழுவை நடத்துபவன் நான். புதிய ஆல்பம் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அங்கே வேறு பேச்சே இல்லை. மதுரவல்லி மூன்று இளநீரோடு ஒரு படம் போட்டபோது, ஆல்பத்தில் மூன்று சோகப் பாட்டுகள் இருக்கும் என்று கணித்தார் ஜெபசிங். அவர் இயற்பியல் ஆசிரியர். வந்தது ஒரு துள்ளல் பாட்டு. "சார், உள்ளே வழுக்கை இருந்துச்சான்னு பார்த்தீங்களா? சரணம் அதுலதான் ஒளிஞ்சிருக்கும்" என்று அன்றிலிருந்து அவரைச் சீண்டாதவர் இல்லை.

பிறகு மதுரவல்லி ஒரு சிறு காணொளியை வெளியிட்டார். மேசையில் விரலால் தட்டியபடி, "குடையை மறந்தேனே, குழம்பும் ஆறிடுச்சே" என்று பாடுகிறார். கீழே ஓர் அறிவிப்பு: "ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. இது எதைப் பற்றியது? இன்று என் மனதில் இருப்பதைச் சரியாகச் சொல்லும் ரசிகர், ஒலிப்பதிவுக்கு வந்து உட்கார்ந்து கேட்கலாம்."

அவருடைய ஒலிப்பதிவு அறை சிறியது. வாத்தியக்காரர்கள் உட்கார்ந்தது போக மிஞ்சுவது ஒரு நாற்காலி. பாட்டை வேறு யாராவது எழுதியிருந்தால் அவரும் உள்ளே இருப்பார். ஆனால் மைக் பக்கத்தில் நின்றபடியே சொற்களைத் திருத்திக்கொண்டிருப்பார். இதையெல்லாம் அவர் பேட்டிகளைக் கேட்டே நாங்கள் அறிவோம்.

குழு குடையைப் பிடித்துக்கொண்டது. குடை என்றால் பிரிந்த காதலன், ஆறிய குழம்பு என்றால் ஆறாத கோபம் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிக்கும் ரஹ்மத்துல்லா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு செய்தி போட்டார். "அது டம்மி வரிங்க. மெட்டு மறந்துடாம இருக்க வாய்க்கு வந்ததைப் போட்டுப் பாடுறது. பாட்டே இன்னும் எழுதலை. இல்லாத பாட்டுக்கு அர்த்தம் தேடிட்டிருக்கீங்க."

ஜெபசிங் வரிகளை விட்டுவிட்டு விரல்களைக் கேட்டிருந்தார். ஒரு நீண்ட தட்டு, ஒரு குட்டைத் தட்டு, நடுவே விரல் மேசையில் இழுபடும் ஓசை. பழைய பேருந்தின் வைப்பர் இப்படித்தான் போகும் என்றார். மதுரவல்லியின் தந்தை பேருந்து ஓட்டுநர். மழையில் அவர் பக்கத்தில் இன்ஜின் மேல் உட்கார்ந்து போனதைப் பாடகி ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஆகவே பாட்டு தந்தையைப் பற்றியது என்பது அவர் கணிப்பு. இளநீர் சார் இப்போது பஸ் ஏறிவிட்டார் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மூன்றாமவர் வளர்மதி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவர். குழுவில் எப்போதாவதுதான் எழுதுவார். "ஒவ்வொரு வரியும் முடியாமல் நின்றுவிடுகிறது. காலி செய்த வீட்டின் சாவி இன்னும் என் பையில். பூட்டை மாற்றியிருப்பார்கள், தெரியும். எறியத்தான் முடியவில்லை. அப்படிப்பட்ட ஒருத்தி பாடுகிற பாட்டு இது" என்று எழுதினார். மணவாழ்க்கை முறிந்து அவர் ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டை விட்டு வந்தவர் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் யாரும் கிண்டல் செய்யவில்லை. குழுவில் வந்த கணிப்புகளையெல்லாம் மதுரவல்லிக்கு அனுப்பிவைத்தேன்.

சில வாரங்கள் கழித்து மதுரவல்லியிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. அன்று அவர் மனதில் இருந்தது தந்தைதான். வரிகள் எழுதியிருக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் வளர்மதியின் செய்தியைப் படித்த பிறகு தந்தையைப் பற்றி ஒரு வரியும் ஓடவில்லை. சாவிதான் வந்தது. பல்லவியாக வளர்மதியின் சொற்களையே வைத்துவிட்டார். பரிசு யாருக்கு என்பதில் அவருக்கே குழப்பம். இந்த மூவரில் ஒருவர் பெயரை என்னையே சொல்லச் சொன்னார்.

ஜூஸ் கடையில் கூடினோம். எல்லோரும் குடையைத் துரத்தியபோது உள்ளதைச் சொன்னது தான் ஒருவன்தான் என்றார் ரஹ்மத்துல்லா. தன் கணிப்பு பலித்தது இதுதான் முதல் தடவை என்று மட்டும் சொல்லிவிட்டு ஜெபசிங் ஸ்ட்ராவைத் திருகிக்கொண்டிருந்தார். வளர்மதி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என் வீட்டுச் சாவி சார் அது. அவங்க அதைப் போட்டுத் திறக்கிறப்போ நான் வெளியே நிக்கணுமா?"

என் மனம் அவர் பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததும் என்மேலேயே எனக்குச் சந்தேகம். அதிகம் வருந்துபவருக்குப் பரிசைக் கொடுத்தால் அதற்குப் பெயர் தீர்ப்பா, இரக்கமா? இருந்ததைச் சொன்னவர் ஒருவர், இல்லாததை இல்லை என்றவர் ஒருவர், சொன்னதாலேயே பாட்டாக்கியவர் ஒருவர்.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் நாற்காலியை யாருக்குக் கொடுப்பீர்கள்?

விடை: மதுரவல்லி கேட்டது அன்று தன் மனதில் இருந்ததை. ரஹ்மத்துல்லா வரிகளைப் பற்றி உண்மை சொன்னார், மனதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. விரலைக் கேட்டு மனதைச் சொன்னவர் ஜெபசிங். நாற்காலி அவருக்கு. வளர்மதி சொன்னதைக் கணிப்பாக எடுத்தால் தவறு, ஆனால் அது பல்லவியாகிவிட்டது. பல்லவி எழுதியவர் ரசிகர்களுக்கான நாற்காலியில் ஏன் உட்கார வேண்டும்? ஜெபசிங்கின் பெயரை அனுப்பி, பாட்டு எழுதியவர் நிற்க மைக் பக்கத்தில் இடம் உண்டா என்றும் கேட்டேன். உடனே பதில் வந்தது: "அவங்க வராம எப்படிப் பாடுறது? ரெண்டாவது வரியில ஒரு சொல் இடிக்குது. வந்து திருத்தச் சொல்லுங்க."