மேட்டுத் தேக்குகளில் விழுந்த முத்திரை

நெடும்பாறை மலையில் நடந்த காரியம் இது. கேட்டவர்களெல்லாம் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நீங்களும் கேட்டுவிட்டு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

அந்த மலையில் வனவராக இருந்தவர் இருதயராஜ். வாங்கிய சம்பளத்துக்கு வஞ்சகம் செய்யாத ஆள். அவர் பொறுப்பில் அரசாங்கம் நட்டு வளர்த்த தேக்குக் காடு ஒன்று இருந்தது. இரண்டு பங்கு பள்ளத்தில், ஒரு பங்கு மேட்டில். எல்லாம் ஒரே ஆண்டில் நட்டவைதான். பள்ளத்துத் தேக்கு ஊற்றின் ஈரத்தைக் குடித்து நெடுநெடுவென்று வளர்ந்தது. மேட்டுத் தேக்கு பாறை இடுக்கில் வேர்விட்டு, கோணலும் முண்டுமாக, பாதி உயரத்தோடு நின்றுவிட்டது. பள்ளத்து ஊற்றுதான் கீழே குடியிருந்த இருபத்திரண்டு காணிப் பழங்குடிக் குடும்பங்களுக்கும் குடிதண்ணீர்.

மூன்று வருடம் தொடர்ந்து மழை பொய்த்தது. ஐப்பசி முழுக்கப் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டி, மண்ணை அரித்துக்கொண்டு ஓடியது. ஊற்று விரல் தடிமனாக இளைத்தது. ஒரு குடம் நிறைய பெண்கள் அரைமணி நேரம் காத்திருந்தார்கள். பள்ளத்து மரங்கள் உச்சியிலிருந்து காயத் தொடங்கின. மேட்டு மரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

காட்டின் நெருக்கத்தைக் குறைத்து வெட்ட வேண்டிய வருடம் அது. மூன்றில் ஒரு மரத்தை எடுத்தால் மற்றவை செழிக்கும் என்பது முறை. எதை எடுப்பது என்பதைப் பத்தாண்டுத் திட்டம் சொல்லியிருந்தது: நேரான மரத்தை விடு, கோணலை வெட்டு. மழை தவறாத காலத்தில் எழுதிய திட்டம் அது. அதன்படி போனால் மேட்டுக் காடு முழுவதும் விழும். பள்ளத்தில் ஒரு மரத்தையும் தொட முடியாது.

தீக்காவலர் மாதேவி அந்தக் காணிக் குடியிருப்பைச் சேர்ந்தவர். இருதயராஜோடு பதினோரு கோடை காட்டுத்தீ அணைத்தவர். அவர் வந்து கேட்டார்:

"சார், மேட்டு மரம் பட்டினி பழகுனது. பள்ளத்து மரம் சோறு பழகுனது. இனிமே வரப்போறது பட்டினிக் காலம். எதை வெட்டணும்னு நீங்களே சொல்லுங்க."

இருதயராஜுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. மாவட்ட வன அலுவலர் வசுந்தராவிடம் போய் நின்றார். அவர் முழுவதும் கேட்டார்.

"நீங்க சொல்றது நிஜமாத்தான் இருக்கும், இருதயராஜ். ஆனா இன்னைக்கு நல்ல காரணத்துக்காக நான் திட்டத்தை மீறினா, நாளைக்குக் கெட்ட காரணத்தோட வர்றவனை எப்படித் தடுப்பேன்? மேலே எழுதுறேன். பதில் வர்ற வரைக்கும் திட்டப்படிதான் செய்யணும்."

சொன்னபடி எழுதினார். மூன்று முறை எழுதினார். பதில் வரவில்லை. பங்குனி முடிவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். இன்னும் ஒரு மாதம் இருந்தது.

மாதேவி மறுபடியும் வந்தார். "வெட்டத்தான் போறீங்கன்னா எட்டு நாள் பொறுங்க, சார். மேட்டு மரத்துல விதை முத்தி உதிருது. நாங்க பொம்பளைங்க பொறுக்கி வச்சுக்கிடுறோம்."

வருடாவருடம் கடுக்காய் பொறுக்கவும் நெல்லிக்காய் பறிக்கவும் அந்தப் பெண்களுக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுப்பவர் இருதயராஜ்தான். அன்றைக்கு அவர் மனம் வெந்துபோயிருந்தது. "மரமே போகுது. விதையை வச்சு என்ன செய்ய, மாதேவி?" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் காலை மேட்டில் ஏறினார். ஒவ்வொரு மரத்திலும் உள்ளங்கை அகலம் பட்டையைச் செதுக்கி, வெட்டு அடையாளம் பதிக்கும் முத்திரைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். நானூற்றுப் பன்னிரண்டு மரம். நூற்றைத் தாண்டியதும் அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திவிட்டார். பத்தே நாளில் மேடு மொட்டையானது; சீட்டில்லாமல் பெண்களால் பொறுக்க முடியாத விதையும் அதோடு போயிற்று.

மாதேவி சும்மா இருக்கவில்லை. பள்ளத்தில் இறங்கி, முப்பது மரங்களின் அடியில் பட்டையையும் உள்மரத்தையும் வளையமாக வெட்டிவிட்டார். அப்படி வெட்டினால் மரம் நின்றபடியே சாகும். மண்ணிலிருந்து தண்ணீர் இழுக்காது. "நான்தான் செஞ்சேன், சார். ஊத்துக்காக" என்று அவரே வந்து சொன்னார். அரசாங்க மரத்தை அழித்த குற்றம். இருதயராஜ் தம் கையாலேயே அறிக்கை எழுதினார். மாதேவியின் வேலை போயிற்று; வழக்கும் வந்தது.

ஊற்று இரண்டு மாதம் சற்றே பெருகியது. நான்காம் வருட மழையும் பொய்த்தபோது, பள்ளத்து மரங்கள் வரிசையாகப் பட்டுப்போயின. மேட்டு அடிக்கட்டைகளில் துளிர்த்ததை இரண்டு கோடைத் தீ தின்று தீர்த்தது. ஊற்று அடங்கியது. இருபத்திரண்டு குடும்பங்களும் மலையைவிட்டு இறங்கி, சாலையோரத் தகரக் கொட்டகைகளில் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தன.

ஐந்தாம் வருடம் புதிய திட்டம் வந்தது. வறட்சி தாங்கிய கோணல் மரங்களை விதைக்காகக் காக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. காப்பதற்கு மலையில் அப்படி ஒரு மரமும் இல்லை.

விதியைக் காத்தவர் வசுந்தரா. விதியை மீறியவர் மாதேவி. உத்தரவை நிறைவேற்றியவர் இருதயராஜ். இம்மூவரில் பழி யாரைச் சேரும்?

விடை: காடு போன பழி மூவரையும் சேராது. இருதயராஜ் சுத்தியலை எடுக்க மறுத்திருந்தால் வேறொருவர் எடுத்திருப்பார். வசுந்தரா தம் அதிகாரத்தில் முடிந்ததைச் செய்தார். மாதேவி தண்டனைக்குத் துணிந்தே செய்தார். ஆனால் விதை போன பழி இருதயராஜுடையது. அந்த எட்டு நாளைக் கொடுக்கத் திட்டம் தடையாக இல்லை, நாளும் இருந்தது, அவர் கையெழுத்தே போதும். எல்லாம் போகிறதே என்ற துக்கத்தில், மிஞ்சக்கூடியதையும் போகவிட்டார். இதை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனாலும் ஓய்வு பெறும்வரை, ஜீப் அந்தக் கொட்டகைகளைக் கடக்கும்போதெல்லாம் அவர் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.