தேனீ பேச்சை விட்ட பனிக்காலம்

உறைபனி இப்போதைவிடக் கடுமையாக விழுந்த அந்தக் காலத்தில் தேனீக்கள் பேசும். மலை உச்சியில் நஞ்சன் என்று ஒருவன் இருந்தான். குடைந்த மரத்துண்டு ஒன்றில் தேனீ வளர்த்தான். அந்த மேட்டில் அவனோடு பேச வேறு யாரும் இல்லை.

ஐப்பசியில் தேனையெல்லாம் வழித்து எடுத்துக் கீழ்நாட்டுச் சந்தையில் கொடுத்துவிட்டு, ஒரு மூட்டை கற்கண்டோடு திரும்பினான். மார்கழி வந்தது. மலையில் ஒரு பூ இல்லை. தினமும் விடிந்ததும் மூடியைத் திறந்து ஒரு துண்டு கற்கண்டு வைப்பான். வைத்ததும் மூட மாட்டான்.

"தாயீ, நேத்துக் குளிரு எப்படி?"

"எங்களுக்கென்ன குறை? கதவைத் தொறந்து காத்து விடத்தான் நீ இருக்கியே" என்பாள் ராணி ஈ. மற்ற ஈக்கள் சிரிக்கும். நஞ்சனும் சிரிப்பான். வெயில் ஏறும்வரை பேச்சு ஓடும்.

தை பிறந்தபோது சிரிப்பு மெலிந்திருந்தது. ஒருநாள் திறந்தால், அடியில் ஒரு கைப்பிடி ஈக்கள் விறைத்துக் கிடந்தன.

"தீனி பத்தலையா தாயீ? இன்னும் வைக்கிறேன்."

"தீனி கிடக்கு நஞ்சா. சூடுதான் இல்லே. ஒருத்தியோட ஒருத்தி ஒட்டி, உடம்பை நடுக்கி நடுக்கிச் சூடு சேக்குறோம். நீ தொறந்தா அது போயிடுது. உனக்குப் பதில் சொல்ல மேலே வர்றவ திரும்பிப் போறதில்லே."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"பேச ஆளில்லாதவன்கிட்ட எப்படிச் சொல்ல?"

நஞ்சன் போய் மூட்டையைத் தூக்கி வந்தான். அதிலிருந்த கற்கண்டு முழுவதையும் தேனடைக்கு மேலே அடுக்கினான்.

"பூ வர்ற வரைக்கும் தொறக்க மாட்டேன். தட்டுவேன். உசுரோட இருந்தா ஒரு சத்தம் குடுங்க, போதும். பேச வேண்டாம்."

மூடியை வைத்து, விளிம்பைச் சுற்றிக் களிமண் பூசினான்.

மறுநாள் தட்டிவிட்டுக் காதை வைத்தான். உள்ளே ஒரு 'உம்'. சொல்ல அவனுக்கு எவ்வளவோ இருந்தது. சொல்லாமல் எழுந்து போனான். பனிக்காலம் முழுக்க அப்படியே போனான்.

பங்குனியில் பூ வந்தது. களிமண்ணை உடைத்துத் திறந்தான். கூட்டம் பிழைத்திருந்தது.

"தாயீ" என்றான்.

'உம்' என்றது கூடு. நஞ்சன் மறுபடியும் கூப்பிட்டுப் பார்த்தான். அதே 'உம்'. அத்தனை நாள் வாய்மூடிக் கிடந்ததில் பேச்சு அவற்றுக்கு மறந்தே போயிருந்தது.

அந்தப் பனிக்காலத்திலிருந்துதான், குளிர் மலைகளில் தேனீ வளர்க்கிறவர்கள் தீனியை முன்பே வைத்து மூடிவிடுகிறார்கள். பூ வரும்வரை திறக்காமல், தட்டிவிட்டுப் பெட்டியில் காதை வைத்து நிற்கிறார்கள்.